சிவப்புக் காகித மிட்டாயும் நியாயஸ்தலமும்

வியாபாரச் சின்னங்களைப் பற்றிய வழக்கு என்றால் அது முதலாளிமாரின் கவலை, நம்மைப் போன்ற கிராணிமாருக்கும் தொழிலாளருக்கும் அதனால் ஆவது யாது என்று எண்ணுவது இயல்பே. பிஸ்கோத்துச் செய்யும் ஒரு கம்பெனி, பிஸ்கோத்துச் செய்யும் மற்றொரு கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுக்கிறது. இருவரும் பெரிய வக்கீல்களை அமர்த்துகிறார்கள். யார் வென்றாலும் பிஸ்கோத்தின் விலை காற்காசும் குறையப் போவதில்லை. இவ்வளவும் உண்மைதான். ஆயினும் அவ்வழக்குகளின் தீர்ப்புகளை எடுத்துப் பொறுமையாகப் படிப்பவர்க்கு ஒரு வியப்பு உண்டாகும். அவ்வழக்குகளின் நடுவே வாதியும் அல்லாத, பிரதிவாதியும் அல்லாத மூன்றாம் ஆள் ஒருவர் நிற்கக் காண்போம். கையில் சில்லறையுடன் கடைக்கு வந்து, அலமாரியைப் பார்த்து, ‘அதைக் கொடு’ என்று விரல் நீட்டுகிறவரே அவர். அவர் பெயர் வழக்கின் தலைப்பில் இல்லை. வழக்கில் வெல்லும் பணத்தில் அவருக்குப் பங்கும் இல்லை. ஆனால் தீர்ப்பு முழுவதும் அவர் கண்ணைப் பற்றியே பேசுகிறது. அவர் ஏமாறுவாரா, மாட்டாரா? இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் விடையைக் கொண்டே கம்பெனிகள் பிழைக்கின்றன, அல்லது கதவடைக்கின்றன.

நம் நாட்டிலும், நாம் விட்டுவந்த நாட்டிலும் அந்த மூன்றாம் ஆள் நெடுங்காலமாக ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஏழையாகவே இருந்திருக்கிறார். எழுத்தறியாத அவருடைய கண், எழுத்தறிந்த நீதிபதிகளுக்கு அளவுகோலான வரலாற்றையே இங்கே சொல்லப் புகுகிறேன்.

முதலில் நம் பினாங்கிலிருந்தே தொடங்குவோம். இன்று உலகெங்கும் நெஸ்லே என்று வழங்கும் கம்பெனி, 1912-ஆம் ஆண்டில் ‘ஆங்கிலோ ஸ்விஸ் கண்டென்ஸ்டு மில்க் கம்பெனி’ என்ற பெயரில் இந்நாட்டில் முதன்முதலாகக் காலூன்றியது பினாங்கிலேதான். அதன் டின் பாலின் மேல் ஒரு பால்காரப் பெண்ணின் உருவம் இருக்கும். தலையில் ஒரு பால் ஏனம், கையில் ஓர் ஏனம். அந்த டின்னில் ஆங்கிலத்தில் என்ன எழுதியிருந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? மலாய்க்காரர் அதனைச் ‘சாப் ஜுஞ்ஜோங்’ என்றனர். தலையில் சுமத்தல் என்பது அச்சொல்லின் பொருள். சார்டின் மீனின் கதையும் இதுவே. 1892-இல் ஆல்பிரட் க்ளுவே என்னும் பிரெஞ்சுக்காரர் சிங்கப்பூரில் ஒரு வியாபாரம் தொடங்கித் தம் சரக்குகளுக்குச் சேவலைச் சின்னமாக இட்டார். ஜனங்கள் கம்பெனியின் பெயரை நாவில் வைத்துத் துன்புறவில்லை. ‘சாப் ஆயாம்’ என்று கேட்டு வாங்கினர். கடைசியில் கம்பெனி தோற்றது, ஜனங்கள் வென்றார்கள். ‘ஆயாம் பிராண்ட்’ என்பதே அச்சரக்கின் பெயராகிவிட்டது. பெயரிட்டவர் முதலாளி அல்லர், வாங்கியவரே என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

‘சாப்’ என்பது மலாய்ச் சொல்லாக வழங்கினும் அதன் மூலம் இந்துஸ்தானியிலுள்ள ‘சாப்பா’ என்னும் முத்திரைச் சொல்லே. நம்மவர் அதனை ‘மார்க்’ என்றனர். யானை மார்க், மான் மார்க், மயில் மார்க். தோட்டத்து லயங்களில் எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டிமாரும் மார்க் தவறியதில்லை. கடைக்காரர் வேறொன்றை மாற்றிக் கொடுத்தால், பையனின் காதைத் திருகித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். படிப்பறிவு வேறு, பார்வையறிவு வேறு. இதனை நம்மிற் படித்தவர்கள் பலர் மறந்துவிடுகின்றனர்.

இனி, தடையுத்தரவு என்பது யாது? ஒருவன் நமக்குத் தீங்கு செய்தபின் அவனிடம் நஷ்ட ஈடு வாங்குவது ஒரு வகை நியாயம். தீங்கு தொடராதபடி அவன் கையைப் பிடித்து நிறுத்துவது மற்றொரு வகை. ஆங்கில நாட்டில் பழைய பொதுச்சட்டக் கோர்ட்டுகள் பெரும்பாலும் பணத்தையே தந்தன. கையைப் பிடிக்கும் அதிகாரத்தைச் சான்சரி கோர்ட்டு வளர்த்தது. அதுவே ‘இஞ்சங்ஷன்’. அதனை மீறுவோர் கோர்ட்டை அவமதித்தவராகி அபராதமும் சிறையும் அடைவர். 1807-இல் வழங்கப்பட்ட அரச பட்டயத்தின் வழியே ஆங்கிலச் சட்டம் இந்தத் தீவில் இறங்கியது. மறு ஆண்டு சர் எட்மண்ட் ஸ்டான்லி முதல் நீதிபதியாகப் பினாங்குக் கோர்ட்டைத் திறந்தார். சிங்கப்பூரும் மலாக்காவும் அந்த முறைக்குள் வந்தது 1826-ஆம் ஆண்டின் பட்டயத்தால். ஆகவே, மலாயாவில் ஆங்கில நியாய முறையின் தலைவாசல் நமது ஜோர்ஜ் டவுனே. பின்னர் மலாய் மாநிலங்களில் 1950-இல் தடையுத்தரவுகளுக்கென்று ஏற்பட்ட சட்டமோ, இந்தியாவின் 1877-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவியது. நாம் கப்பலேறி வந்தது போலவே சட்டமும் அதே கடலைத் தாண்டி வந்தது என்று சொல்லலாம்.

எழுத்தறியாத வாங்குவோரைப் பற்றிய மூல வழக்கு உணவைப் பற்றியதன்று, நூலைப் பற்றியது. எனினும் அதைச் சொல்லாமல் மேற்செல்ல இயலாது. ஸ்காத்லாந்தில் ஆர்ச்சிபால்ட் ஆர்-யூவிங் கம்பெனியார் துருக்கிச் சிவப்பு என்னும் சாயமேற்றிய நூலைப் பம்பாய்க்கும் ஏடனுக்கும் அனுப்பி வந்தனர். நூற்கட்டின் மேல் ஒட்டிய சீட்டில் இரண்டு யானைகள். சந்தையில் அந்நூலுக்கு ஏற்பட்ட பெயர் ‘பே ஹாத்தி’, அதாவது இரு யானை. ஜான்ஸ்டன் கம்பெனியார் தாமும் இரண்டு யானை போட்ட சீட்டுடன் நூல் அனுப்பத் தொடங்கினர். ‘எங்கள் யானைகள் நிற்கும் விதம் வேறு, எங்கள் பெயர் தெளிவாக அச்சிட்டிருக்கிறது, யார் ஏமாறுவார்?’ என்பது அவர்கள் வாதம். வழக்கு 1882-இல் லண்டனிலுள்ள பிரபுக்கள் சபைக்கு வந்தது. செல்போர்ன் பிரபு முதலான நீதிபதிகள், இங்கிலீஷ் பெயரைப் படிக்கக்கூடிய மொத்த வியாபாரி ஏமாறமாட்டான் என்பதை ஒப்புக்கொண்டனர். ஆனால் நூலைக் கடைசியில் வாங்கி நெசவுக்கோ தையலுக்கோ பயன்படுத்துகிறவன் யார்? அவனுக்கு ஆங்கிலப் பெயர் வெறும் கோடு. இரண்டு யானை என்பதே அவன் அறிந்த பெயர். ஆகவே இரண்டு யானையை எடுத்துக்கொண்டவன் பெயரையே எடுத்துக்கொண்டவன் ஆவான் என்று கூறித் தடையுத்தரவை நிலைநிறுத்தினர்.

இத்தீர்ப்பைப் புகழுமுன் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். பம்பாய்ச் சந்தையின் ஏழைக்குக் கருணை காட்டியா லண்டன் பிரபுக்கள் தீர்ப்பளித்தனர்? அன்று. ஒரு வெள்ளை முதலாளியின் லாபம் இன்னொரு வெள்ளை முதலாளிக்குப் போகாமல் காக்கவே அந்த ஏழையின் கண் வழக்கில் நுழைந்தது. ஏமாந்தவனுக்கு ஒரு பைசாவும் கிடைக்கவில்லை. ஆனால் வரலாற்றில் நல்ல காரியங்கள் பல இப்படிப்பட்ட பக்கவாசல் வழியாகவே வந்திருக்கின்றன. ஒருவனை மனிதனாக மதித்துப் பேசத் தொடங்கினால், அந்தப் பேச்சு தொடங்கியவனின் நோக்கத்தோடு நின்றுவிடுவதில்லை.

இங்கிலாந்தில் சின்னங்களைப் பதிவு செய்யும் ஏடு 1876-ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்டது. பாஸ் என்னும் பியர்க் கம்பெனியின் சிவப்பு முக்கோணம் அதில் முதற்சின்னம். ஜலசந்திக் குடியேற்ற நாடுகளில் பதிவுச் சட்டம் 1938-இல்தான் இயற்றப்பட்டது. அதுவரை பத்திரிகையில் ‘இச்சின்னம் எமது, போலி செய்வோர் மீது வழக்குத் தொடரப்படும்’ என்று எச்சரிக்கை போடுவதே வழி. பழைய தமிழ் இதழ்களின் விளம்பரப் பக்கங்களில் ‘போலிகளைக் கண்டு ஏமாறாதீர்’ என்று கை நீட்டி எச்சரிக்கும் வாசகத்தை நம் தாத்தாமார் நன்கு அறிவர். பதிவில்லாதவன் கோர்ட்டுக்குப் போனால், ‘இவன் தன் சரக்கை என் சரக்கு என்று காட்டி விற்கிறான்’ என்று நிரூபிக்க வேண்டும். இதற்கு வக்கீல்கள் வழங்கும் பெயர் ‘பாசிங் ஆஃப்’. மூன்றைக் காட்டவேண்டும்: என் சரக்குக்குச் சந்தையில் நற்பெயர் உண்டு, எதிரி ஜனங்களை மயக்குகிறான், அதனால் எனக்கு நஷ்டம். முதலாவதும் மூன்றாவதும் கணக்குப் புத்தகத்தால் நிரூபணமாகும். இரண்டாவதுக்கு வாங்குவோரின் கண்ணைத் தவிர வேறு சாட்சி இல்லை.

இனி நம் மிட்டாய்க்கு வருவோம்.

ஹேக்ஸ் என்னும் இருமல் மிட்டாயை அறியாதவர் மலாயாவில் இரார். தொண்டை கரகரத்தால் கடைக்குப் போய் ஒன்றிரண்டு வாங்கி வாயில் அடக்கிக்கொள்வது நெடுநாளைய வழக்கம். 1950-களில் ஒயிட் ஹட்சன் கம்பெனியார் சிங்கப்பூரில் அதனைச் சிவந்த நிறமுள்ள பளபளப்புக் காகிதத்தில் சுற்றி விற்றனர். காகிதத்தின் மேல் ‘ஹேக்ஸ்’ என்ற ஆங்கில எழுத்து. சில ஆண்டுகளுக்குப்பின் ஏஷியன் ஆர்கனைசேஷன் என்ற கம்பெனியார் அதேபோன்ற நிறக் காகிதத்தில் சுற்றிய இருமல் மிட்டாயை விற்க முற்பட்டனர். அதன் மேல் ‘பெக்டோ’ என்று எழுதியிருந்தது.

வாசகர்கள் இவ்விரு சொற்களையும் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஹேக்ஸ்; பெக்டோ. எழுத்திலும் ஒற்றுமையில்லை, ஓசையிலும் ஒற்றுமையில்லை. இங்கிலீஷ் தெரிந்த எவரும் ஒன்றை மற்றொன்றாக எண்ணார். லண்டன் தெருவில் இவ்வழக்கு நடந்திருந்தால் எதிரியின் வக்கீலுக்கு வேலை எளிதாயிருந்திருக்கும். ஆனால் வழக்கு நடந்தது சிங்கப்பூரில். சீனரும் மலாயரும் தமிழரும் நெருங்கி வாழ்ந்த அந்நகரில் மிட்டாய் வாங்குவோரில் மிகப் பலர் ஆங்கில எழுத்தை அறியாதவர். அவர்கள் கடைக்காரரிடம் ‘ஹேக்ஸ்’ என்று கேட்பதில்லை. ‘சிவப்புக் காகித இருமல் மிட்டாய்’ என்றே கேட்பார்கள் என்பது சாட்சியத்தில் வெளியாயிற்று.

இச்சாட்சியம் வந்தபின் வழக்கின் முகமே மாறிவிடுகிறது. சில்லறைக் கடைகளில் இருமல் மிட்டாய் எப்படி விற்கப்படும் என்பதை நாம் அறிவோம். கண்ணாடி ஜாடியின் மூடியைத் திறந்து, கையை விட்டு, கேட்ட எண்ணிக்கையை எடுத்துக் கொடுப்பார் கடைக்காரர். பெட்டி இல்லை, பெரிய சீட்டு இல்லை, கம்பெனியின் விலாசம் இல்லை. வாங்குகிறவர் கையில் வருவது சின்னஞ்சிறு சிவப்புப் பொட்டலம் ஒன்றே. அவருக்கு அந்த நிறமே பெயர், அந்த நிறமே நம்பிக்கை. இதே நிறத்தில் வேறொருவர் இருமல் மிட்டாய் சுற்றினால், ‘சிவப்புக் காகிதம்’ என்று கேட்டவருக்கு எது கிடைக்கும்? கடைக்காரருக்கு எதில் லாபம் கூடுதலோ அது கிடைக்கும். ‘என் பெயரை எழுதித்தான் விற்கிறேன்’ என்று எதிரி சொல்வது, கண் தெரியாதவனிடம் ‘பலகையில் எழுதிப் போட்டிருந்தேனே’ என்று சொல்வது போலாகும்.

வழக்கு ஏறி ஏறி லண்டனிலுள்ள பிரிவி கௌன்சிலை அடைந்தது. இங்கிருந்து போகும் அப்பீல்களுக்கு அக்காலத்தில் அதுவே முடிவான மன்றம். மலேசியா அதனுடன் உறவை 1985-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அறுத்துக்கொண்டது, சிங்கப்பூர் 1994-இல். 1964-இல் பிரிவி கௌன்சில் ஹேக்ஸ்காரர் பக்கமே நியாயம் என்று தீர்ப்பளித்தது. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த சந்தையில், ஆங்கிலப் பெயர் மாறியிருப்பதால் மட்டும் மயக்கம் நீங்கிவிடாது. மேலுறையின் தோற்றமே அவர்களுக்கு அடையாளம் என்பதுதான் அதன் சாரம்.

கண்ணாடி ஜாடியிலிருந்து எடுக்கும் ஒரு மிட்டாய்க்காக ஆறாயிரம் மைலுக்கு அப்பால் கம்பளி அங்கி அணிந்த நீதிமான்கள் கூடியிருந்து, சிங்கப்பூரின் கப்பற்கூலியும் சந்தைக்கார அம்மையும் எப்படிக் கேட்டு வாங்குவார்கள் என்று ஆராய்ந்த காட்சியைச் சற்றே மனத்தில் எண்ணிப்பாருங்கள். வேடிக்கையாகவும் இருக்கிறது, நெஞ்சைத் தொடுவதாகவும் இருக்கிறது. எழுத்தறியாதவனின் சொல்லை, அவன் வாயிலிருந்து வந்தபடியே, ஒரு சாம்ராஜ்யத்தின் உச்ச மன்றம் ஏற்றுக்கொண்டது. வாக்குச்சீட்டிலும் கூலி ஒப்பந்தத்திலும் பெருவிரல் ரேகையாக மட்டுமே மதிக்கப்பட்டவர்கள் அவர்கள். எத்தனை ஒப்பந்தங்களில், படிக்கத் தெரியாமலே ரேகை வைத்தவனிடம் ‘நீ ஒப்பிய வாசகம் இது’ என்று சட்டம் சொல்லியிருக்கிறது! படிக்கத் தெரியாதவனுக்கு எழுத்துச் செல்லாது என்ற நியாயத்தை, மிட்டாய்க் கம்பெனிக்குத் தந்தவர்கள் கூலி ஒப்பந்தக்காரனுக்கு அவ்வளவு எளிதாகத் தந்ததில்லை.

இது எழுத்தறியாதார்க்கு மட்டும் உரிய பலவீனம் என்று நினைப்பவர்க்கு 1990-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலேயே ஒரு விடை கிடைத்தது. எலுமிச்சம்பழச் சாற்றை எலுமிச்சம்பழ வடிவமுள்ள மஞ்சள் பிளாஸ்டிக் குப்பியில் அடைத்து ‘ஜிஃப்’ என்ற பெயரில் ஒரு கம்பெனி விற்றுவந்தது. அமெரிக்கக் கம்பெனியொன்று அதேபோன்ற குப்பியில், வேறு பெயர்ச் சீட்டுடன் நுழைந்தது. படித்த ஆங்கில மாதர்களே சீட்டைப் படியாமல் குப்பியைப் பார்த்து எடுத்துச் செல்கின்றனர் என்று நிரூபணமாயிற்று. வாங்குவோர் இன்னும் கவனமுடையவராகவோ இன்னும் எழுத்தறிவுடையவராகவோ இருந்தால் ஏமாந்திரார் என்பது எதிரிக்கு விடையாகாது என்று ஆலிவர் பிரபு கூறினார். ஆக, கண்ணால் வாங்குவதில் லண்டன் சீமாட்டிக்கும் நம் பால்மரப் பெண்ணுக்கும் வேற்றுமை இல்லை என்பது ஏற்பட்டது!

தாய்நாட்டுக்கும் சற்றே சென்று வருவோம். அங்கே 1972-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பிஸ்கோத்து வழக்கு ஒன்று மிகச் சுவையானது. பம்பாயின் பார்லே கம்பெனியாரது ‘குளுக்கோ’ பிஸ்கோத்தின் மேலுறையில் ஒரு பண்ணை வீடு, மரங்கள், பசுக்கள், கோழிகள், நடுவில் வாளி ஏந்திய ஒரு பெண். மைசூரைச் சேர்ந்த ஜே. பி. கம்பெனியார் ‘குளுக்கோஸ் பிஸ்கோத்து’ என்று விற்ற சரக்கின் மேலுறையிலும் ஒரு பண்ணை, ஒரு பெண். ஆனால் இவள் தலையில் வைக்கோற்கட்டு, அருகே பசுவும் கன்றும், கோழி இல்லை. கீழ்க்கோர்ட்டும் மைசூர் உயர்நீதிமன்றமும் இரண்டையும் அருகருகே வைத்து, கோழியை எண்ணி, கன்றை எண்ணி, வேற்றுமை உண்டு என்று வழக்கைத் தள்ளிவிட்டன. உச்ச நீதிமன்றமோ அளக்கும் முறையே பிழை என்றது. கடைக்கு வருகிறவர் இரண்டு பொட்டலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. ஒன்றை இன்று பார்க்கிறார். மற்றொன்றை வேறொரு நாள் பார்க்கிறார். அவர் மனத்தில் தங்குவது கோழியின் எண்ணிக்கை அல்ல. ஒரு பெண், ஒரு பண்ணை, ஒரு நிறம், மொத்தத்தில் ஒரு சாயல். அதனை மயக்கினால் போதும். இவ்வாறு கூறித் தடையுத்தரவை வழங்கியது. கணக்கெழுதியே காலம் கழிக்கும் என் போன்றோர்க்கு இத்தீர்ப்பில் ஒரு படிப்பினை உண்டு. கோழிகளை எண்ணுவது எளிது, அதனாலேயே நாம் எண்ணிவிடுகிறோம்.

இதுவரை தடையுத்தரவின் நல்ல முகத்தைச் சொன்னேன். அதற்கு வேறொரு முகமும் உண்டு. உணவு வியாபாரத்தில் அது மிகக் கொடியது. வழக்கு முழுதும் விசாரித்துத் தீர்ப்பு வர ஆண்டுகள் ஆகும். ஆதலால் வாதி முதல் நாளிலேயே இடைக்காலத் தடை கேட்பான். 1975-இல் பிரபுக்கள் சபை ஒரு மருத்துவச் சரக்கு வழக்கில் இதற்கு விதி வகுத்தது. நம் மேன்முறையீட்டுக் கோர்ட்டும் 1995-இல் அவ்வழியையே எடுத்துரைத்தது. விசாரிக்கத்தக்க உண்மையான தகராறு உண்டா? தடை கொடுத்தால் யாருக்கு நஷ்டம் அதிகம், கொடாவிட்டால் யாருக்கு அதிகம்? முடிவில் வாதி தோற்றால் எதிரியின் நஷ்டத்தைக் கட்டித் தருவேன் என்று உறுதி கொடுக்கிறானா? இவற்றை நிறுத்துப் பார்த்துத் தடை வழங்கப்படும். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு சிறிய முறுக்குக்காரருக்கு இடைக்காலத் தடை வந்தால் என்னாகும்? மாவு வாங்கியாயிற்று, எண்ணெய் வாங்கியாயிற்று, பொட்டலக் காகிதம் அச்சிட்டாயிற்று, ஆட்களுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. இரண்டாண்டு கழித்து அவர் வென்று நஷ்ட ஈடு பெறலாம். அதற்குள் கடை இராது. இரும்பு விற்கிறவன் தடை நீங்கியபின் அதே இரும்பை விற்றுக்கொள்வான். முறுக்கு அப்படிக் காத்திராது. ஆதலின் பெரும் பொருளுடையோன் பல சமயங்களில் தீர்ப்பை விரும்பி வழக்காடுவதில்லை. அந்த முதல் உத்தரவை விரும்பியே வழக்காடுகிறான் என்பது என் அபிப்பிராயம்.

பெரியோரும் பெரியோரும் மோதும்போது கோர்ட்டு அவ்வளவு விரைந்து கையைப் பிடிப்பதில்லை. ஐ. டி. சி. கம்பெனி தன் ‘மேஜிக் மசாலா’ நூடுல்சைப் பார்த்து நெஸ்லே ‘மேஜிக்கல் மசாலா’ என்று பெயரிட்டது என்று 2013-இல் சென்னையில் தொடுத்த வழக்கு, 2020-இல் தள்ளப்பட்டது. ‘மேஜிக்’ என்பது சரக்கைப் புகழும் பொதுச்சொல், அதற்கு ஒருவர் சொந்தம் கொண்டாட முடியாது என்றது உயர்நீதிமன்றம். பொதுச்சொல் பொதுவிலேயே இருப்பது நன்று. ‘சுவை’, ‘மணம்’ என்பவற்றுக்கும் நாளை பட்டா கேட்பவர்கள் வரக்கூடும்.

பெரியவர் சிறியவரை இழுத்த வழக்குக்கு நம் நாட்டிலேயே உலகறிந்த உதாரணம் உண்டு. கோலாலம்பூர் ஈப்போ சாலையில் 1999-இல் தமிழர் ஒருவர் ‘மெக்கறி’ என்ற பெயரில் உணவுக்கடை தொடங்கினார். கறி, தோசை, ரொட்டிச் சானாய் முதலியன அங்குக் கிடைக்கும். பெயர்ப்பலகையில் இரு கட்டைவிரலையும் உயர்த்திச் சிரிக்கும் ஒரு கோழி. ‘மலேசியன் சிக்கன் கறி’ என்பதன் சுருக்கமே பெயர் என்றார் அவர். 1982 முதல் இந்நாட்டில் கடை நடத்திவந்த மெக்டொனால்ட்ஸ் கம்பெனி, ‘மெக்’ என்னும் முன்னொட்டு எமது என்று 2001-இல் வழக்குத் தொடுத்தது. 2006-இல் உயர்நீதிமன்றம் அமெரிக்கக் கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தது.

இங்கும் கேள்வி அதே கேள்விதான். வாங்குகிறவர் யார்? 2009 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் கோபால் ஸ்ரீராம் என்னும் நீதிபதி எழுதிய தீர்ப்பு அக்கேள்வியை உரிய இடத்தில் வைத்தது. மஞ்சள் வளைவு எங்கே, சிரிக்கும் கோழி எங்கே? ஒருவர் தம் பண்டங்களுக்கெல்லாம் ‘மெக்’ என்று முன்னே சேர்க்கிறார். மற்றவரோ தோசையைத் தோசை என்றே விற்கிறார். ஒன்றில் உண்ண வருவோர் வேறு, மற்றொன்றில் உண்ண வருவோர் வேறு. ஒரு முன்னொட்டைத் தனியே பிய்த்தெடுத்துப் பார்த்து மயக்கம் உண்டு என்று சொல்ல இயலாது. இவ்வாறு உயர்நீதிமன்றத் தீர்ப்பு கவிழ்ந்தது. மெக்டொனால்ட்ஸ் விடாமல் கூட்டரசு நீதிமன்றத்தின் வாசலைத் தட்டிற்று. 2009 செப்டம்பர் 8-ஆம் நாள், மூன்று நீதிபதிகள் கூடி, மேன்முறையீட்டுக்கு வேண்டிய கேள்விகள் முறையாக அமைக்கப்படவில்லை என்று கூறி அனுமதி மறுத்தனர். செலவுத்தொகை 10,000 ரிங்கிட் கட்டும்படியும் உத்தரவிட்டனர். எட்டு ஆண்டு ஒரு கறிக்கடை அமெரிக்காவுக்கு எதிரே நின்றது. எத்தனை கறிக்கடைகள் அப்படி நிற்கக்கூடும்? முதல் வக்கீல் நோட்டீஸ் வந்த அன்றே பலகையைக் கழற்றிவிட்டவர்களின் பெயர் எந்தத் தீர்ப்புத் தொகுதியிலும் ஏறாது.

ஹேக்ஸ் வழக்கையும் மெக்கறி வழக்கையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒன்று புலனாகும். முதலாவதில் எழுத்து வேறாயிருந்தும் தடை கிடைத்தது. இரண்டாவதில் எழுத்தில் ஒற்றுமை இருந்தும் தடை நிலைக்கவில்லை. முரண்போலத் தோன்றினும் முரணன்று. இரண்டிலும் நீதிபதிகள் காகிதத்தை விட்டுக் கடைக்குள் சென்று, அங்கே நிற்கிறவரை நிமிர்ந்து பார்த்தார்கள். எழுத்தைக் கொண்டு மட்டும் தீர்த்திருந்தால் இரண்டும் தவறாகவே முடிந்திருக்கும்.

இப்போது அந்த மூன்றாம் ஆள் மாறிவருகிறார். நம் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். மலாயும் ஆங்கிலமும் தமிழும் படிக்கின்றனர். நான் வேலை பார்க்கும் தோட்டத்தில் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்து நெடுநாளாயிற்று. குலை வெட்டுவோரில் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் மிகுதி. சம்பள நாளன்று மாலையில் அவர்கள் கடைக்கு வருவார்கள். வங்காளதேசத்து இளைஞர் ஒருவர் மசாலைப் பொட்டலங்களின் வரிசையில் கண்ணை ஓடவிட்டு, பச்சை நிறத்தில் மீன் படம் போட்டதை நோக்கி விரல் நீட்டுவார். அதன் மேல் மலாயிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் எழுதியிருப்பது அவருக்கு, பம்பாய் நெசவாளிக்கு ஆங்கிலம் இருந்தபடியே. நம் முன்னோர் நின்ற இடத்தில் இப்போது அவர் நிற்கிறார். அவரைப் பார்த்து நகைக்கும் நம்மவரையும் அங்கேயே காண்கிறேன்.

மலேசியாவின் 2019-ஆம் ஆண்டு வியாபாரச் சின்னச் சட்டம் அவ்வாண்டு டிசம்பர் 27-இல் நடைமுறைக்கு வந்து, 1976-ஆம் ஆண்டின் சட்டத்தை அகற்றிற்று. சொல்லும் படமுமே அன்றி நிறம், வடிவம், ஓசை, வாசனை ஆகியவற்றையும் இதன்கீழ்ச் சின்னமாகப் பதிவு செய்யக் கேட்கலாம். ஹேக்ஸ்காரர் சாட்சிகளைக் கொண்டுவந்து நிரூபித்த சிவப்பை, வேறொரு கம்பெனி இனிப் பதிவேட்டிலேயே எழுதிவைத்துக்கொள்ள முயலலாம். பதிவுக்கும் அதனைக் காக்கும் வக்கீலுக்கும் பணமுள்ள கம்பெனிக்கு இது பெரும் வசதி. மார்க்கெட் ஸ்திரீட்டுக்கு அருகே அடுப்பு வைத்து ஊறுகாயும் மிக்சரும் செய்து பொட்டலம் கட்டுகிறவர்க்கோ, பதிவு இல்லாவிடில் பழைய ‘பாசிங் ஆஃப்’ வழியே வழி. அந்த வழியும் அடைபடவில்லை. லைட் ஸ்திரீட்டிலுள்ள உயர்நீதிமன்றத்துக்கு அவர் முதன்முதலில் அந்த உறையில் விற்ற நாளின் அச்சுக்கூட ரசீதும், ஆண்டுதோறும் விற்ற கணக்கும், பொட்டலத்தின் பழைய மாதிரியும் கொண்டுபோக வேண்டும். இவற்றோடு, கடைக்கு வந்து பெயர் சொல்லாமல் ‘அந்த மஞ்சள் பையைக் கொடு’ என்று கேட்கும் வாடிக்கைக்காரர் நாலு பேரையும் அழைத்துப் போக வேண்டும்.